லிஃப்டில் ‘டக்’ சத்தம் கேட்டால் மட்டும் போதாது!

வணக்கம் உறவுகளே! உங்கள் தலைக்கு மேலே, கராஜில் வாகனம் தூக்கும் லிஃப்டில் ஒரு பிக்கப் நிற்கிறது. அழுத்தத்தால் அதைத் தூக்கி வைத்திருக்கும் லிஃப்டின் ஒயிலை மட்டும் நம்பிக் கீழே நிற்கிறீர்களா? முதலில் வெளியே வாருங்கள், பிறகு பேசுவோம்.

(காட்சி: கிளிநொச்சிக் கராஜ், இரண்டு தூண் லிஃப்ட்)

முன்பு ஏ9 வீதியோரக் கராஜ்களில் குழிக்குள் இறங்கி வேலை செய்தார்கள்; இப்போது வாகனத்தையே மேலே ஏற்றுகிறார்கள். வரலாறு முடிந்தது.

இனித்தான் சுவாரசியம். வாகனம் ஏறும்போது ‘டக், டக்’ என்று கேட்கிறதே, அது தூணுக்குள் இருக்கும் இரும்புப் பூட்டு. சத்தம் கேட்டதும் வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். ஆனால் அப்போதும் பாரம் ஒயிலில்தான் இருக்கிறது! ஒயில் கசியாமல் தடுக்கும் சீல் கிழிந்தாலோ குழாய் வெடித்தாலோ வாகனம் இறங்கும். ஆகவே ஏற்றிய பிறகு சற்றே கீழே இறக்கி, இரண்டு தூண்களிலும் ஒரே உயரத்தில் பூட்டின்மேல் உட்கார வைக்க வேண்டும். பாதுகாப்புக்காக இறக்குவது! எனக்கு இது மிகவும் பிடித்த விடயம்.

மறுபடி இறக்க வேண்டுமானால் முதலில் கொஞ்சம் மேலே தூக்கித்தான் பூட்டை விடுவிக்கலாம். நடுவில் மின்சாரம் நின்றால்? வாகனக்காரர் தேநீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். இந்தத் தொல்லைக்காகச் சிலர் பூட்டு விழாதபடி அதைக் கம்பியால் கட்டி வைக்கிறார்கள். அந்தக் கராஜுக்குள் நான் கால் வைக்கமாட்டேன்.

அடுத்தது சமநிலை. புதுக்குடியிருப்பிலிருந்து நெல் மூட்டையோடு வந்த பிக்கப்பை அப்படியே ஏற்றாதீர்கள். பாரமெல்லாம் பின்னால் இருக்கிறது. எஞ்சினைக் கழற்றினாலும் ஆபத்துத்தான். வாளி அறுந்த துலாவைப்போல முன்பக்கம் கிளம்பும், பின்பக்கம் சாயும். கழற்றுமுன் பின்பக்கத்துக்கு உயரமான முட்டுக் கொடுங்கள். 4 தொன் லிஃப்டில் பொதுவாக வாகனத்தைத் தாங்கும் நான்கு கைகளில் ஒரு கைக்கு 1 தொன்தான் கணக்கு என்பதையும் மறக்கவேண்டாம். சில்லுகள் நிலத்தைவிட்டு எழும்பியதும் நிறுத்தி, வாகனத்தை ஒருதரம் ஆட்டிப் பாருங்கள். ஆடுவதென்றால் அங்கேயே ஆடட்டும்.

தரை? தூண் நிற்கும் கொங்கிரீட் குறைந்தது 4 அங்குலமாவது இருக்கவேண்டும். சரியான அளவு லிஃப்டின் கையேட்டில் இருக்கும்.

வாகனம் சரியத் தொடங்கினால் தாங்கிப் பிடிக்கப் போகாதீர்கள், விலகி ஓடுங்கள். அண்ணன்மாரே, உங்கள் லிஃப்டின் தகட்டில் எத்தனை தொன் என்று இருக்கிறது? கீழே எழுதுங்கள். எழுத்து அழிந்திருந்தால் அதையும் எழுதுங்கள்!