முதல் மேடு

நேயர்களுக்கு வணக்கம்.

ஏற்காட்டிலிருந்து பஸ்ஸில் இறங்கும்போது ஒரு கருகல் வாடை வரும். பிரேக் சூடாகிற வாடை. போன மாதம் கூட வந்த பேரன் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "ரோலர் கோஸ்டர்ல இந்த நாத்தம் வராதே தாத்தா" என்றான். காலமெல்லாம் இயற்பியல் நடத்தியவனிடம் இப்படிக் கேட்கலாமா? அடிவாரம் வரும்வரை நான் வாயை மூடவில்லை.

ரோலர் கோஸ்டர் பெட்டிகளில் என்ஜின் கிடையாது. சங்கிலி அவற்றை முதல் மேட்டின் உச்சிக்கு இழுத்துப்போய் விடுகிறது. அந்த உயரம்தான் கைமுதல். அப்புறம் வரும் பாய்ச்சல், வளைவு, தலைகீழ்ச் சுற்று எல்லாம் அதிலிருந்து எடுத்துச் செலவழிப்பதுதான். உராய்வும் காற்றும் நம் சேலம் லீ பஜார் மண்டி மாதிரி வழிநெடுகக் கமிஷன் பிடிக்கும். வழியில் யாரும் தள்ளிவிடாதவரை, பின்னால் வரும் எந்த மேடும் முதல் மேட்டைத் தொட முடியாது.

வேகத்தின் கணக்கு கொஞ்சம் கஞ்சத்தனமானது. 20 மீட்டர் சரிந்தால் மணிக்கு 71 கிலோமீட்டர். இரண்டு மடங்கு வேகத்துக்கு 40 மீட்டர் போதாது, 80 வேண்டும்.

அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 2005 முதல் 2024 வரை ஓடிய கிங்டா கா என்ற கோஸ்டரில் சங்கிலியே இருந்ததில்லை. தரையிலேயே மணிக்கு 206 கிலோமீட்டர் வேகத்தில் தள்ளிவிட்டார்கள். அந்த வேகம் 167 மீட்டர் ஏறப் போதும். ஆனால் கோபுரம் 139 மீட்டர்தான், மிச்சம் கமிஷனுக்கு. அப்படியும் சில தடவை வண்டி உச்சியைத் தாண்டாமல், வந்த வழியே பின்னோக்கி இறங்கியிருக்கிறது!

சரி, நம் மலைக்கு வருவோம். இறக்கம் ஆயிரம் மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தடையே இல்லாவிட்டால் அடிவாரத்தில் பஸ்ஸின் வேகம் மணிக்கு 500 கிலோமீட்டரைத் தாண்டும். இருபது கொண்டை ஊசி வளைவுகளை வைத்துக்கொண்டு அது நடக்கிற காரியமா? அதனால் கைமுதல் முழுவதையும் வழியிலேயே சூடாக்கித் தொலைக்கிறோம். பத்து டன் பஸ் என்றால், அந்தச் சூட்டில் முந்நூறு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைத்துவிடலாம். அத்தனையையும் பிரேக் தாங்காது. விவரமான டிரைவர் சின்ன கியரில் இறங்கி, என்ஜினையும் பிடித்து இழுக்க வைப்பார்.

அடிவாரத்தில் இறங்கியதும் பேரன் பின்சக்கரத்துப் பக்கம் போய்க் கையை நீட்டினான். தொடவில்லை, ஒரு சாண் தள்ளியே நிறுத்திக்கொண்டான். "தாத்தா, அடுப்பு மாதிரி அடிக்குது."

நன்றி, வணக்கம்.