பூவரசும் காட்டுப்பூவரசும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். மலைச் செடிகளின் மரபணுவைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். கடற்கரையில் உட்கார்ந்துகொண்டு மலைப் பேச்சு எதற்கு என்று கேட்பீர்கள். நம் ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கு வைகையில் வருகிற தண்ணீர் எங்கே இருந்து இறங்குகிறது? மேற்கே மலைக்காடும் புல்வெளியும் பிடித்து வைத்து மெதுவாக விடுகிற தண்ணீர்தானே அது.

சரி, பூவரசில் ஆரம்பிக்கிறேன். இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதாத பிள்ளை நம் பக்கம் உண்டா? நீலகிரியிலும் பழனி மலையிலும் காட்டுப்பூவரசு என்று ஒரு மரம் இருக்கிறது, ரோடோடென்ட்ரான் என்பார்கள், முறுக்கேறின அடிமரம், கொத்துக் கொத்தாகச் சிவப்புப் பூ. நம்மூர் மரத்துக்கு அண்ணன் தம்பி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லவே இல்லை. டி.என்.ஏ.வை ஒப்பிட்டால் நம் பூவரசு பருத்திக்கும் வெண்டைக்கும் பங்காளி. காட்டுப்பூவரசோ தேயிலைக்குத் தூரத்துச் சொந்தம். பெயர்தான் ஒன்று, வம்சம் வேறு.

இந்த டி.என்.ஏ. எடுக்கிற கதை இருக்கிறதே! பறித்த இலையை உடனே சிலிக்கா மணி போட்ட கவரில் மூடிவிட வேண்டும், ஈரம் போனால்தான் கெடாது. மணி நீலமாக இருந்தால் நல்லது, ரோஸ் நிறமானால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். ஒரு தடவை மூன்று நாள் மலையில் அலைந்து பறித்ததை எடுத்துக்கொண்டு நேராகத் தொண்டியில் வீட்டுக்கு வந்தவன், கவரைச் சரியாக மூடாமல் திண்ணையில் வைத்துவிட்டுத் தூங்கிப்போனேன். விடிந்து பார்த்தால் அத்தனை மணியும் ரோஸ். "உப்பே கசிகிற ஊருடா இது, இதைத் திறந்தா வைப்பாய்?" என்றார் அம்மா. அப்படியும் மனசு கேட்காமல் அரைத்தேன். டிக்காஷன் மாதிரிப் பழுப்பாக வந்தது, அந்த இலையில் அவ்வளவு துவர்ப்பு.

விஷயத்துக்கு வருகிறேன். இதே காட்டுப்பூவரசு இனம் இமயமலையில் இருக்கிறது, இலங்கை மலைகளிலும் இருக்கிறது, நடுவில் சமவெளியில் கிடையாது. சுமார் 20,000 வருஷத்துக்கு முன் பனியுகக் குளிர் உச்சத்தில் இருந்தபோது கடல் 120 மீட்டர் போல இறங்கியிருந்தது, நீங்கள் வலை வீசுகிற பாக் நீரிணை அன்றைக்குத் தரை. குளிர் விரும்பும் செடிகள் அந்தக் காலங்களில் கீழே பரவி, வெப்பம் கூடக்கூட உச்சிக்கு ஏறி ஒதுங்கின என்பது ஆராய்ச்சியாளர்கள் சொல்லும் விளக்கம். ஆக ஒவ்வொரு உச்சியும் ஒரு தீவு. பவளப்பாறையை வெட்டி எடுத்ததில் மன்னார் வளைகுடாவில் நம் பூவரசன்பட்டித் தீவு மூழ்கியதே, அதுபோல இந்தத் தீவுகளும் காணாமல் போகலாம். இன்னும் சூடு ஏறினால் செடிக்கு மேலே போக இடமில்லை, தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். எந்த உச்சியில் மரபணு வகை அதிகம் மிச்சமிருக்கிறது என்று தெரிந்தால், அங்கே விதை எடுத்து நாற்று போடலாம்.

குறிஞ்சியைப் பற்றித்தான் பாதி நேரம் பேசுவதாக எழுதி வந்தேன், நேரம் முடிந்தது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். நீலக்குறிஞ்சி 12 வருஷத்துக்கு ஒரு தடவை பூக்கும், 2018-ல் பூத்தது, அடுத்து 2030. பூத்து விதை விட்டதும் செடி செத்துவிடும், அதனால் ஒரு சரிவில் நிற்பதெல்லாம் ஒரே வயசு. மீதி இன்னொரு நாள். வணக்கம்.