போர்க்காலப் பாட்டுப் படமும் பொதுப் பணமும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, இந்தக் கூடத்தைக் கட்டணமின்றித் தந்து உதவிய நூலகர் அம்மையார் அவர்களே, என்னைப் பற்றி என் தகுதிக்கு மேல் புகழ்ந்துவிட்டுப் போன செயலாளர் அவர்களே, திரைப்படக் கழக உறுப்பினர்களே, இடமில்லாமல் கடைசியில் நின்றுகொண்டிருக்கும் கல்லூரி மாணவர்களே, தாய்மார்களே, வணக்கம். இரண்டு நிகழ்ச்சிகளைத் தள்ளிவைத்துவிட்டுத் தலைவர் இங்கே வந்திருக்கிறார். படத்தைத் திரையிட்டுக் காட்டிய தம்பிகள் மத்தியானத்திலிருந்து சாப்பிடாமல் வேலை பார்த்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு கைதட்டல் கொடுத்துவிட்டுப் பேச்சைத் தொடங்குவோம்.

நீங்கள் இப்போது பார்த்தது 1943இல் வார்னர் பிரதர்ஸ் வெளியிட்ட ‘திஸ் இஸ் தி ஆர்மி’. இயக்கியவர் ‘காசாபிளாங்கா’ எடுத்த மைக்கேல் கர்ட்டிஸ். பாட்டெல்லாம் இர்விங் பெர்லின். நான்கு செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். இப்படிப்பட்ட படத்தை எப்படிக் கட்டினார்கள், பாட்டையும் படத்தையும் எப்படிப் பொருத்தினார்கள், கறுப்பின வீரர்களுக்கு இதில் என்ன இடம் கிடைத்தது, வசூல் எங்கே போனது. ‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்று நம் பெரியவர்கள் சொன்னதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த நான்குக்கும் அதுதான் சாவி.

அந்தக் காலத்தில் பெரிய ஸ்டூடியோக்கள் பலவும் நட்சத்திரங்களைக் குவித்து இப்படிப் படம் எடுத்தன. பாரமவுண்ட் 1942இல், எம்.ஜி.எம். 1943இல். வார்னரே 1943இல் இரண்டு எடுத்தது. காரணம் வெறும் தேசபக்தி மட்டுமில்லை. நடிகர்கள் ஸ்டூடியோவில் நெடுங்கால ஒப்பந்தத்தில் இருந்தார்கள். ஒருவர் இரண்டு நாள் வந்து ஒரு பாட்டுக்கு ஆடிவிட்டுத் தன் சொந்தப் படத்துக்குத் திரும்பிவிடலாம். பாட்டுகள் தனித்தனியாக நிற்பதால் ஒருவர் வராவிட்டால் அந்த ஒன்றுதான் நிற்கும், படம் நிற்காது. அதனால்தான் கதை மெலிந்திருக்கிறது. கதை வலுவாக இருந்தால் ஒரு பாட்டைக்கூட உருவ முடியாது, இடம் மாற்றவும் முடியாது.

அடுத்தது மரமும் ஆணியும். 1942இல் அமெரிக்கப் போர் உற்பத்தி வாரியம், ஒரு படத்தின் அரங்குகளுக்குப் புதுப் பொருள் 5,000 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது என்று கட்டளை போட்டது. அப்போது எந்தக் கதை கட்டுப்படியாகும்? மேடையில் நடக்கும் கதைதான். ஒரு திரை, எழுதிய படுதா, ஏற்கெனவே கிடக்கும் படிக்கட்டு இருந்தால் போதும். இங்கே நம் நாட்டிலும் போர்க்காலத்தில் கச்சாப் பிலிம் தட்டுப்பாட்டால் படத்தின் நீளத்தை 11,000 அடிக்குள் நிறுத்தச் சொன்னார்கள். நிமிடத்துக்கு 90 அடி ஓடும், ஆக இரண்டு மணி நேரத்தை ஒட்டி வரும். இந்தப் படமோ டெக்னிக்கலர். அந்தக் கேமராவில் ஒரே நேரத்தில் மூன்று நெகட்டிவ் ஓடும், ஒவ்வொன்றும் ஒரு நிறத்துக்கு. ஒரு நிமிடத்துக்கு 270 அடி போய்விடும். ஒத்திகையில் தீர்க்க வேண்டிய தவற்றைக் கேமரா ஓடும்போது செய்தால் நஷ்டம் மூன்று மடங்கு. அளந்துதான் போட வேண்டும்.

பாட்டை முதலில் ஒலிப்பதிவு செய்துவிடுவார்கள். பிறகு அந்தத் தட்டை ஒலிபெருக்கியில் ஓடவிட்டு, நடிகர்கள் அதற்கு வாயசைப்பார்கள். மூச்சு எடுக்கும் இடத்தில் தோள் அசையாவிட்டால் பொய் தெரிந்துவிடும். இந்தப் படத்தில் 300க்கும் மேற்பட்ட சிப்பாய்கள் சேர்ந்து பாடுகிறார்கள், அங்கேதான் உண்மையான சிக்கல். ஒலி ஒரு நொடியில் சுமார் 1,100 அடி போகும். பிலிம் நொடிக்கு 24 பிரேம். ஒலிபெருக்கி முன்னால் மட்டும் இருந்தால், அதிலிருந்து 46 அடி தள்ளி நிற்பவன் ஒரு பிரேம் தாமதமாகக் கேட்பான். 90 அடி தள்ளி நிற்பவனுக்கு இரண்டு பிரேம். முன்வரிசை வாய் மூடும்போது பின்வரிசை வாய் திறந்திருக்கும், கால் தரையில் படுவதும் பிசகும். ஆகவே பெரிய கூட்டத்துக்கு ஒலிபெருக்கிகளைப் பரப்பி வைக்க வேண்டும், அல்லது தூரத்து வரிசையைத் தனியாக எடுக்க வேண்டும். மேடையில் நூறு பிள்ளைகளை ஆடவிடும் பள்ளி ஆசிரியர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பெர்லினைப் பற்றி ஒரு கதை சொல்லாமல் போனால் மாணவர்கள் என்னை விடமாட்டார்கள். 1918, முதல் உலகப் போர். முப்பதை எட்டும் வயதில் பெர்லினைப் பட்டாளத்தில் பிடித்துப் போட்டுவிட்டார்கள். லாங் ஐலண்டில் கேம்ப் அப்டன். மனிதர் ராத்திரி முழுக்கப் பாட்டுக் கட்டிவிட்டு விடிகாலையில் படுக்கப் போகிறவர். அங்கேயோ விடியுமுன் ஊதுகொம்பு. அந்த ஊதுகொம்புக்காரன் மேல் வந்த கோபத்தையே பாட்டாக எழுதினார். கேட்ட சிப்பாய் ஒவ்வொருவனும் தன் பாட்டு என்று எடுத்துக்கொண்டான். சிப்பாய்களைப் பார்க்க வருகிறவர்கள் தங்க ஒரு மாளிகை கட்ட முகாமுக்கு 35,000 டாலர் தேவைப்பட்டது. தளபதி இவரைக் கூப்பிட்டார். ‘நாடகம் போட்டுத் தருகிறேன், ஆனால் ஐயா, நான் ராத்திரியில்தான் எழுதுவேன், விடியற்காலையில் எழுந்தால் வேலை ஓடாது’ என்றாராம் பெர்லின். ‘நீ எழவே வேண்டாம்’ என்று உத்தரவாகிவிட்டது! ஒரு பாட்டுக்காரன் ராணுவத்தில் தூக்கத்தைச் சம்பாதித்த வரலாறு இது. நியூயார்க்கில் நாடகம் நடந்தது, கூட்டம் அலைமோதியது. கடைசியில் சிப்பாய்கள் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு பார்வையாளர் நடுவே நடந்து வெளியேறினார்கள், கப்பலுக்கு. சபை எழுந்து நின்றது. இருபத்தைந்து ஆண்டு கழித்து, 1943இல், அதே பழைய சீருடையில் பெர்லின் கேமரா முன் நின்று அதே பாட்டைப் பாடுகிறார். நீங்களும் கேட்டீர்கள், குரல் நூல் மாதிரி இருக்கும். படப்பிடிப்பில் இருந்த ஒரு தொழிலாளி பக்கத்திலிருப்பவரிடம், ‘இந்தப் பாட்டை எழுதினவன் இதைக் கேட்டால் குழியில் புரண்டு படுப்பான்’ என்றாராம். பெர்லினே இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாராம்.

இனி நான் வந்த காரணத்துக்கு வருகிறேன். 1918 நாடகம் 80,000 டாலருக்கு மேல் வசூலித்தது, தேவைக்கு இரு மடங்குக்கும் மேல். மாளிகை? கட்டப்படவே இல்லை. பணம் கொடுத்தவர்கள் நியூயார்க் மக்கள், ஆடியவர்கள் போருக்குப் போன பிள்ளைகள். இதைவிட வேதனை உண்டா? ‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்பது இந்த இடத்துக்குத்தான்.

1943இல் வேறு மாதிரி நடந்தது. படத்தின் வருமானம் ‘ராணுவ அவசர உதவி நிதி’க்கு என்று முன்கூட்டியே பெயர் சொல்லி ஒதுக்கினார்கள். படத்துக்கு முன்பே இதே பெயரில் நடந்த மேடை நாடகமும் படமும் சேர்ந்து ஏறத்தாழ ஒரு கோடி டாலர் போய்ச் சேர்ந்தது. வார்னரின் இன்னொரு படமான ‘தேங்க் யுவர் லக்கி ஸ்டார்ஸ்’ஸில் நடித்த நட்சத்திரங்கள், தலைக்கு 50,000 டாலர் சம்பளத்தை, போர்வீரர்களுக்கு இலவசமாகச் சாப்பாடும் கேளிக்கையும் தந்த ஹாலிவுட் கேண்டீனுக்கே கொடுத்தார்கள். 1918இல் எழுதி ஒதுக்கிவைத்த ‘காட் பிளெஸ் அமெரிக்கா’வின் உரிமைத்தொகையைச் சாரணர் இயக்கங்களுக்குக் கொடுக்க 1940இல் பெர்லின் ஓர் அறநிதியே அமைத்தார். பெறுபவர் பெயர் முதலிலேயே தெரிந்திருந்தது. வேறுபாடு அதுதான்.

நம் ஊரில் வெள்ளம் வந்தால், புயல் வந்தால், நட்சத்திர இரவு நடக்கிறது. நடத்துங்கள், வரவேற்கிறேன். ஆனால் கணக்கு? டிக்கெட்டுக்கு வரிசை எண்ணும் அடிக்கட்டையும் இருக்க வேண்டும். விற்காத டிக்கெட்டை எண்ணித் திருப்ப வேண்டும். இலவசப் பாஸ் எத்தனை, யாருக்கு என்று பட்டியல் வேண்டும், ஏனென்றால் பணம் கரைவது அங்கேதான். விழா மலர் விளம்பர வருமானம் தனி வரவாக ஏற வேண்டும், பெரும்பாலும் அது கணக்கிலேயே வருவதில்லை. மண்டப வாடகை, ஒலி ஒளி, கலைஞர்களின் பயணச் செலவு ஆகியவை ரசீதோடு. இரண்டு பேர் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்கும் வங்கிக் கணக்கு. நிதி பெற்றவர் கொடுத்த ரசீதின் நகலும் தணிக்கையாளர் அறிக்கையும் முப்பது நாளுக்குள் பொது இடத்தில் ஒட்டப்பட வேண்டும். இந்த நூலகத்தின் அறிவிப்புப் பலகை போதும், அம்மையார் மறுக்கமாட்டார்.

கறுப்பின வீரர்களைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். பெர்லின் வற்புறுத்தலால் இந்த நாடகத்திலும் படத்திலும் ஆடிய சிப்பாய்க் குழுவில் வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒன்றாக இருந்தார்கள், அன்றைய அமெரிக்க ராணுவத்தில் அது பெரிய செய்தி. ஆனாலும் படத்தில் கறுப்பின வீரர்களுக்குத் தனிப் பாட்டுதான் கிடைத்தது. அது ஒரு முழுக் கூட்டத்துக்குரிய பொருள், தலைவர் இன்னொரு நாள் தர வேண்டும்.

நகர்மன்றத் தலைவர் அவர்களே, இங்கே நடக்கும் நிதி திரட்டும் நிகழ்ச்சிகளுக்கு மண்டப அனுமதி தரும்போதே, முப்பது நாள் கணக்கு என்பதை நிபந்தனையாக எழுதிவிடுங்கள். கோரிக்கை மனு வாசலில் மேசைமேல் இருக்கிறது. போகும்போது பெயரும் தெருவும் தெளிவாக எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், திங்கட்கிழமை நகர்மன்ற அலுவலகத்தில் கொடுக்கிறோம். நன்றி, வணக்கம்.