வத்தலின் வீரியம்

நேயர்களுக்கு வணக்கம். மாசி, பங்குனியில் முதுகுளத்தூர், கமுதிப் பக்கம் பேருந்தில் சென்றவர்களுக்கு, களத்தில் காயும் முண்டு மிளகாய் வத்தலின் நெடி சன்னல் வழியே ஏறி இரும வைத்தது நினைவிருக்கும். அந்தக் காரத்துக்குக் காரணமான கேப்சைசின் நம் குழம்புக்காக உண்டானதன்று; விதையைப் பூசணத்திடமிருந்து காக்கச் செடி செய்துகொண்ட ஏற்பாடு அது.

மிளகாயின் தாயகமான தென்னமெரிக்காவில், பொலிவியக் காடுகளில், ஒரே இனத்துச் செடிகளுள் சில காரமாகவும் சில காரமின்றியும் காய்ப்பதை ஜோஷ்வா டியூக்ஸ்பரி குழுவினர் ஆராய்ந்து 2008-இல் வெளியிட்டனர். பூச்சிகள் காயைத் துளைத்த வழியே ஃபியூசேரியம் என்னும் பூஞ்சை நுழைந்து விதையைக் கெடுக்கிறது. பூச்சித் துளைகள் மிகுந்த இடங்களில் காரச் செடிகளே மிகுந்திருந்தன. விதை பரப்பும் பறவைகளுக்கோ காரம் உறைப்பதில்லை. செடியின் கணக்கைப் பாருங்கள்!

எங்கள் அப்பத்தா வத்தல் வாங்கும் விதத்தைச் சொல்லியாக வேண்டும். மூட்டையின் அடியில் கைவிட்டு ஒன்றை எடுப்பார், காதருகே குலுக்குவார், விதை சலசலத்தால்தான் அடுத்த பேச்சு. பிறகு அதைப் பிளந்து, உள்ளே சாம்பல் படிந்திருந்தால், வியாபாரி எவ்வளவு விலை குறைத்தாலும் எழுந்துவிடுவார். காரமான வத்தலில் பூசணம் எப்படிப் பிடிக்கும் என்று கேட்டேன். “நனஞ்ச வத்தலுக்கு ஏதுய்யா வீரியம்?” என்றார்.

அதில் பாதி உண்மை. நனைவதால் காரம் போய்விடுவதில்லை. ஆனால் கேப்சைசின் பெரும்பாலும் விதை ஒட்டியிருக்கும் வெள்ளைத் தசையில்தான் இருக்கிறது. விதையில் காரம் என்று நாம் நினைப்பதும் அந்தத் தசை ஒட்டியதால்தான். தோலில் காவல் குறைவு. தவிரவும், எல்லாப் பூஞ்சையும் காரத்துக்கு அஞ்சுவதில்லை. ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் ஈர வத்தலில் வளர்ந்து அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சைச் சேர்க்கிறது. அரைத்தாலும் கொதிக்க வைத்தாலும் அது முழுதும் அழியாது. காரம் விதைக்குத்தான் காவல். வத்தலுக்குக் காவல் வெயில்தான். மீண்டும் சொல்கிறேன், வெயில்தான்.

கேயன் மிளகாயில் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்ட, கேப்சைசினுக்குத் தொடர்பில்லாத, பூஞ்சையின் சவ்வைக் குலைக்கும் சபோனின் என்னும் வேதிப்பொருள் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். நேரம் ஒரு நிமிடம்கூட இல்லை. ஆய்வகத்தில் அது வேலை செய்கிறது என்பதோடு நிறுத்துகிறேன். களத்தில் வத்தல் போட்டிருப்பவர்கள், கடற்காற்றின் ஈரம் இறங்குவதற்கு முன், பொழுது சாயும்போதே குவித்து மூடிவிடுங்கள். வணக்கம்.