இருபது பவுண்டு

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

1967-ல் இக்போ மக்கள் பெரும்பான்மையாக வாழும் கிழக்குப் பகுதி, நைஜீரியாவிலிருந்து பிரிந்து பயாஃப்ரா என்ற தனிநாடாகத் தன்னை அறிவித்தது. 1970 ஜனவரியில் பயாஃப்ரா சரணடைந்தது. நைஜீரியாவின் உள்நாட்டுப் போர் முடிந்தது. "வென்றவரும் இல்லை, தோற்றவரும் இல்லை" என்றார் ராணுவ ஆட்சியாளர் யாகுபு கோவன். பொது மன்னிப்பும் வழங்கினார். பலரும் அஞ்சிய பழிவாங்கும் படுகொலை நடக்கவில்லை. அதைச் சொல்லாமல் விடக்கூடாது.

சரி, வங்கிக்குப் போன இக்போ மக்களுக்கு என்ன கிடைத்தது? போர்க்காலத்தில் பயாஃப்ரா பணத்தில் கணக்கு வைத்திருந்தவர்களுக்கு, அதில் எவ்வளவு இருந்தாலும் கையில் கொடுத்தது 20 நைஜீரிய பவுண்டு. பெரிய வியாபாரிக்கும் அதே 20 பவுண்டுதான். துறைமுக நகரான போர்ட் ஹார்கோர்ட்டில் இக்போ மக்கள் விட்டுவிட்டு ஓடிய வீடுகள் 'கைவிடப்பட்ட சொத்து' என்ற பெயரில் கைமாறின. 1972-ல், வெளிநாட்டு நிறுவனங்களின் பங்குகளை நைஜீரியர்களுக்கு விற்கச் சட்டம் வந்தபோது, வாங்க அவர்களிடம் காசில்லை. தண்டனை என்று யாரும் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

உயிர்களின் கணக்கு இன்னும் மோசம். 1967 அக்டோபரில், நைஜர் ஆற்றங்கரையில் உள்ள இக்போ ஊரான அசாபாவின் மக்கள் வெள்ளை உடுத்தி, "ஒரே நைஜீரியா" என்று பாடி ஆடி அரசு ராணுவத்தை வரவேற்றார்கள். அந்தக் கூட்டத்திலிருந்து ஆண்களையும் பையன்களையும் தனியே பிரித்து, நூற்றுக்கணக்கானோரைச் சுட்டுக் கொன்றார்கள். முப்பது வருடத்துக்கும் மேல் கழித்துத்தான், மனித உரிமை மீறல்களை விசாரித்த, நீதிபதி ஒப்புடா தலைமையிலான ஆணையத்தில் அந்த ஊரார் சாட்சி சொன்னார்கள். முன்னாள் ராணுவ ஆட்சியாளர்கள் சிலர் அங்கே வர மறுத்தார்கள். 2002-ல் ஆணையம் அறிக்கை கொடுத்தது. அரசு அதை அதிகாரபூர்வமாக வெளியிடவே இல்லை. அதே ஆண்டு கோவன் அசாபாவுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். அதை நான் பெரிதாகவே மதிக்கிறேன். ஆனால் அது ஒரு மனிதர் கேட்ட மன்னிப்பு.

1999-ல் மாசோப், 2012 வாக்கில் ஐபோப் என்ற அமைப்புகள் வழியாகப் பயாஃப்ரா தனிநாட்டுக் கோரிக்கை திரும்ப எழுந்தது. கொடி பிடித்தவர்களில் பெரும்பாலோர் போருக்குப் பின் பிறந்தவர்கள். 2017-ல் அரசு ஐபோப்பைத் தடை செய்தது. 2021-ல் ஐபோப் அழைப்பில் திங்கட்கிழமைகளில் தென்கிழக்கு ஊர்களில் கடையடைப்பு தொடங்கியது. திறந்தால் அடி விழும் என்ற பயம் இக்போ வியாபாரிகளையே வாட்டியது. ஆயுதம் எடுப்பவர்மேல் வழக்குப் போடட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் தாத்தாவின் 20 பவுண்டுக் கதையைக் கேட்டு வளர்ந்த பையனுக்குத் தடை உத்தரவு எந்தப் பதிலும் சொல்லாது. அவனுக்குப் பதில் சொல்ல ஒப்புடா அறிக்கையை முதலில் வெளியிட வேண்டும். அப்புறம் அசாபாவுக்கு இழப்பீடு, சொத்து இழந்தவர்களுக்கு ஒரு தீர்வு. அன்று சிறுவர்களாக உயிர் தப்பியவர்களுக்கு இன்று வயது எழுபதை ஒட்டியிருக்கும். அவர்கள் இருக்கும்போதே இதெல்லாம் நடக்க வேண்டும்.

நன்றி, வணக்கம்.