ஒன்றாம் வகுப்பு ஆசிரியருக்கும் ஒரு வாக்கு

(மும்பை மாதுங்காவில் ஆசிரியர் நாள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

அவைத்தலைவர் அவர்களே, பொன்னாடை போர்த்திய சங்கச் செயலாளர் அவர்களே, தாராவியிலிருந்தும் சயானிலிருந்தும் மழையில் நனைந்து வந்திருக்கும் ஆசிரியப் பெருமக்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் என் பழைய தலைமையாசிரியை அம்மா அவர்களே (அவர் எதிரில் பேச இன்றும் எனக்குக் கால் நடுங்குகிறது), அனைவருக்கும் வணக்கம்.

பாடத்திட்டம், பயிற்சி, பிரதிநிதித்துவம் என மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். அதற்கு முன் ஒரு பழமொழி: ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

இந்தியாவின் தலைவிதி வகுப்பறைகளில் உருவாகிறது என்றுதான் 1966இல் வந்த கோத்தாரி கல்விக் குழுவின் அறிக்கையே தொடங்குகிறது. பிறகு 1986இல் ஒரு தேசியக் கல்விக் கொள்கை, 2020இல் இன்னொன்று. வகுப்பறையில் நிற்பவரிடம் எத்தனை பேர் வந்து கேட்டார்கள்?

நான் தாராவியில் மூன்றாம் வகுப்பு எடுத்த காலம். பிள்ளைகளைத் தோட்டத்துக்கு அழைத்துப் போய், மரங்களை எண்ணவைத்துக் கணக்குக் கற்பிக்கச் சொல்லி ஒரு சுற்றறிக்கை வந்தது. தாராவியில் தோட்டம்! சுரைக்காய் ஏட்டில் காய்த்துவிட்டது. நான்தான் கறி சமைக்க வேண்டும். நாற்பது பிள்ளைகளையும் தாராவியின் குயவர் பகுதியான கும்பார்வாடாவுக்கு நடத்திச் சென்றேன். குஜராத்திக் குயவர் ஒருவர் பானைகளை வெயிலில் காயவைத்திருந்தார். ஒரு பையன் எண்ணினான்: ஏழு வரிசை, வரிசைக்கு ஒன்பது. 'அறுபத்து மூன்று' என்று நான் கரும்பலகைக் குரலில் முழங்கினேன். 'இல்லை டீச்சர், நான்கு விரிசல் விட்டிருக்கிறது. விற்கக்கூடியது ஐம்பத்தொன்பதுதான்' என்றான். குயவர் தலையில் கை வைத்துக்கொண்டார்: 'அதை ஏனப்பா எண்ணுகிறாய்? அதற்குக் காலையிலேயே அழுதாகிவிட்டது!' சிரித்துக்கொண்டே திரும்பினால், பள்ளியில் ஓர் அதிகாரி காத்திருக்கிறார். பதிவேட்டில் எழுதிவிட்டார்: 'வகுப்பறை காலி. ஆசிரியர் இல்லை.' ஏட்டுச் சுரைக்காய்!

பயிற்சியைப் பற்றி... செயலாளர் துண்டுச்சீட்டு நீட்டுகிறார். அதை விட்டுவிடுகிறேன்.

இனி பிரதிநிதித்துவம். மகாராஷ்டிர சட்ட மேலவையில் 78 இடங்கள். அவற்றில் ஏழு, ஆசிரியர்கள் மட்டுமே வாக்களிக்கும் ஆசிரியர் தொகுதிகள். மும்பைக்கும் ஒன்று உண்டு. ஆனால் அரசியலமைப்பின் 171ஆம் பிரிவு, உயர்நிலைப் பள்ளிக்குக் குறையாத நிறுவனங்களில் மூன்றாண்டுகளாவது கற்பித்தவருக்கே அந்த வாக்கைத் தருகிறது. அகரம் எழுதக் கைபிடித்துக் கொடுத்தவருக்கு இல்லை. முன்வரிசையில் இருக்கும் அம்மா முப்பத்தைந்து ஆண்டுகள் தொடக்கப் பள்ளியில் கற்பித்தவர். ஆசிரியர் தொகுதியில் ஒருமுறைகூட வாக்களித்ததில்லை. இதை மாற்ற நாடாளுமன்றம்தான் சட்டத்தைத் திருத்த வேண்டும்.

வாசலில் மேசை போட்டிருக்கிறோம். இந்தத் திருத்தம் கேட்கும் மனுவின் முதல் கையெழுத்து அம்மாவுடையது. தேநீருக்குப் போகும் வழியில்தான் மேசை இருக்கிறது. பேனா கொண்டுவராதவர்கள் என்னிடம் வாங்கிக்கொள்ளுங்கள்.