பியூகிள் என்னும் சொல்

நண்பர்களே, வணக்கம்.

பியூகிள் என்றதும் பித்தளையை வளைத்துச் செய்த குழலும், அதை ஊதும் ராணுவ வீரரும்தான் நினைவுக்கு வருவார்கள். ஆனால் அந்தச் சொல்லின் வேரில் இருப்பது மாடு. லத்தீனில் பூகுலுஸ் என்றால் இளங்காளை. அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது எருதையும் காட்டெருமையையும் குறித்தது. அதன் கொம்பை வேட்டைக்காரர்கள் ஊதினார்கள். 'பியூகிள் கொம்பு' என்றார்கள். நாளடைவில் பேச்சில் கொம்பு உதிர்ந்து பியூகிள் மட்டும் நின்றது. அப்புறம் கையிலிருந்த கொம்பும் போய்ப் பித்தளை வந்தது. மாட்டின் பெயர் மட்டும் போகவே இல்லை.

தமிழும் ஏறக்குறைய இதே வழியில்தான் போயிருக்கிறது. மாட்டின் தலையில் இருப்பதும் கொம்பு, வாயில் வைத்து ஊதுவதும் கொம்பு. பழந்தமிழில் கோடு என்ற சொல்லுக்கும் இந்த இரண்டு பொருளும் உண்டு. நாம் உறுப்பின் பெயரை வைத்துக்கொண்டோம். ஆங்கிலம் உறுப்பை விட்டுவிட்டு விலங்கின் பெயரை வைத்துக்கொண்டது. எனக்கு இதில் நம் வழிதான் நேரானதாகப் படுகிறது.

ஆங்கிலத்தில் வெகுகாலம் பெயர்ச்சொல்லாகவே இருந்த பியூகிள், பிற்பாடுதான் 'பியூகிள் ஊது' என்ற பொருளில் வினையாகவும் ஆனது. அந்த வினை வட அமெரிக்கக் காடுகளுக்கும் போய்ச் சேர்ந்தது. இலையுதிர் காலத்தில், இணைசேரும் பருவத்தில், எல்க் என்ற பெரிய மான் கத்தும். தாழ்ந்த குரலில் தொடங்கி, சீழ்க்கை போல உச்சத்துக்கு ஏறி, கடைசியில் உறுமலாக முடியும். அதற்கும் 'பியூகிளிங்' என்றே பெயர்.

சரி, கருவிக்கு வருவோம். வழக்கமான ராணுவ பியூகிளில் அழுத்துவதற்குக் கட்டை கிடையாது, விரலால் மூட துளையும் கிடையாது. உதட்டை இறுக்கினால் சுரம் ஏறும், தளர்த்தினால் இறங்கும். ச, ப, மேல் ச, மேல் க, மேல் ப என்ற ஐந்துக்குள் ஏறக்குறைய எல்லா ராணுவ அழைப்புகளும் அடங்கிவிடுகின்றன. துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவிலும் எட்டவேண்டிய கட்டளைக்கு இந்தச் சிக்கனம் பொருத்தமானதுதான்.

அந்த அழைப்புகளின் பெயர்களும் சுவையானவை. விடியலில் ஊதும் 'ரெவெலி', 'எழுந்திருங்கள்' என்ற பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. இரவில் வீரர்களைப் பாசறைக்குத் திரும்ப அழைக்கும் 'டாட்டூ'வுக்கு மூலம் டச்சு மொழி: பீப்பாய்க் குழாயை மூடு என்று பொருள். மதுக்கடைக்காரர்களுக்கு விடுத்த உத்தரவு அது. முதலில் முரசில்தான் ஒலித்தது. பச்சை குத்துவதைச் சொல்லும் டாட்டூ வேறு சொல். பசிபிக் தீவுகளிலிருந்து வந்தது. 'லாஸ்ட் போஸ்ட்' என்பதில் போஸ்ட், காவலர் நிற்கும் இடம். இரவுச் சுற்றில் கடைசிக் காவலிடத்தையும் பார்வையிட்டாயிற்று என்பதற்கான அறிவிப்பு அது. பிறகு அதுவே இறந்த வீரர்களுக்கான அஞ்சலியானது. பெல்ஜியத்தின் ஈப்ர நகரில், முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்கான நினைவுச்சின்னமான மெனின் வாயிலின் அடியில், இரவு 8 மணிக்கு அதை ஊதும் வழக்கம் 1928-இல் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் நகரைப் பிடித்திருந்த காலத்தில் நின்றுபோனது. 1944 செப்டம்பரில் நகரம் விடுபட்டதும் அன்று மாலையே மறுபடி ஊதத் தொடங்கிவிட்டார்கள்.